சட்டைப் பையில் ஒரு லினக்ஸ்

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சித்தப்பாவின் மளிகைக் கடைக் கணினி பாதியில் நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, விண்டோஸ் வரவில்லை. உள்ளே ஏழு வருடக் கடன் கணக்கு, மொத்த வியாபாரிகளின் பில்கள், தங்கையின் கல்லூரி ப்ராஜெக்ட். ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார். "ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும், உள்ள இருக்கிறது போயிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். "அழிக்காம எடுக்க வழியே இல்லையாப்பா?" என்று எனக்குப் போன் செய்தார்.

நான் கொண்டுபோனது 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும்தான். பென் டிரைவைச் செருகி, ஆன் செய்த கையோடு எஃப்12 விசையைத் தட்டி, வந்த பட்டியலில் யு.எஸ்.பி என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நிமிடத்தில், விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு சிஸ்டமான லினக்ஸின் டெஸ்க்டாப் வந்தது. விண்டோஸ் இருந்த டிஸ்க் சாதாரணக் கோப்புறை போலத் திறந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் ஏற்றி முடித்தாயிற்று. சித்தப்பா பென் டிரைவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு முழு சிஸ்டமும் இதுக்குள்ள இருந்தா ஓடிச்சு?" என்று கேட்டார். பண்டிகை அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நிதானமாகச் சொல்ல வேண்டிய பதில் அது.

கணினியை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் அது பயாஸ். விண்டோஸ் 8 காலத்துக்குப் பின் வந்த பெரும்பாலானவற்றில் யு.இ.எஃப்.ஐ. எந்தச் சாதனத்தில் இருந்து சிஸ்டத்தை எடுப்பது என்று முடிவு செய்வது இதன் வேலை. பென் டிரைவில் ஃபேட்32 வடிவில் ஒரு பகுதி இருந்து, அதற்குள் விதிமுறையில் சொல்லப்பட்ட இடத்தில், சொல்லப்பட்ட பெயரில், சிஸ்டத்தைக் கிளப்பும் ஒரு பூட் கோப்பும் இருந்தால் போதும். யு.இ.எஃப்.ஐ அதைக் கண்டுபிடித்து ஓட்டிவிடும். இதுவரை பார்த்தே இராத கணினியில்கூட பென் டிரைவ் கிளம்புவது இதனால்தான்.

அந்தப் பூட் கோப்பு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும் கூடவே ஒரு குட்டித் தற்காலிக சிஸ்டத்தையும் ரேமில் ஏற்றுகிறது. இந்தக் குட்டி சிஸ்டத்துக்கு ஒரே வேலை: தான் எந்தப் பென் டிரைவில் இருந்து வந்தோமோ அதைத் தேடிப் பிடித்து, உள்ளே சுருக்கி வைத்திருக்கும் ஒரு பெரிய கோப்பைத் திறப்பது. டெஸ்க்டாப், பிரவுசர், எழுத்துருக்கள் எல்லாமே அந்த ஒற்றைக் கோப்புக்குள்தான் இருக்கின்றன. ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது அதன் வடிவம். 2009-இல் கெர்னலின் 2.6.29 பதிப்போடு அது கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. கோப்பு முழுவதையும் விரித்து எங்கேயும் கொட்டுவதில்லை. எந்தத் துண்டு தேவையோ அதை மட்டும் அந்த நேரத்தில் பிரித்துப் படிக்கும். படிக்க மட்டும்தான் முடியும், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

இந்த யோசனை பென் டிரைவுக்கு முந்தியது. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000-இல் நாப்பிக்ஸ் என்ற லினக்ஸை வெளியிட்டார். சிடி-யில் இருந்தே ஓடும் லினக்ஸ் அதற்கு முன்பும் இருந்தது. 1992-லேயே இக்ட்ராசில் என்ற ஒன்று வந்தது. ஆனால் சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி 700 எம்பி சிடி ஒன்றில் அடைத்து, போட்ட கணினியில் எல்லாம் சவுண்டும் திரையும் நெட்வொர்க்கும் தானாகவே அமையும்படி செய்து காட்டியது நாப்பிக்ஸ்தான். இன்று நாம் பென் டிரைவில் கொண்டுபோகும், நிறுவாமலே ஓடும் எல்லா லைவ் லினக்ஸும் அதன் வழியில் வந்தவை என்பேன்.

சரி, படிக்க மட்டும்தான் முடியும் என்றால் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பை எப்படிச் சேமிக்கிறோம்? வால்பேப்பரை மாற்றினால் எப்படி மாறுகிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே புரிந்துவிடும். பள்ளியில் புவியியல் வகுப்பில் அட்லஸ் மேல் ட்ரேசிங் பேப்பரை வைத்து வரைந்திருப்போம். கீழே இருக்கும் வரைபடம் தெரியும். நாம் பேனாவில் குறிப்பது மேல் தாளில் மட்டும் விழும். மேலே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே படம். லைவ் லினக்ஸும் இப்படித்தான். அடியில் மாறாத சுருக்கப்பட்ட கோப்பு, அதன் மேல் எழுதக்கூடிய ஓர் அடுக்கு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் ஓவர்லேஎஃப்எஸ் 2014-இல் கெர்னலுக்குள் வந்தது. அதற்கு முன் யூனியன்எஃப்எஸ், ஏயுஎஃப்எஸ் என்று வேறு சில வழிகளில் இதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். அடியில் இருக்கும் ஒரு கோப்பை நீங்கள் அழித்தால், உண்மையில் அது அழிவதில்லை. அட்லஸில் ஓர் ஊர் தெரியக்கூடாது என்றால் ட்ரேசிங் பேப்பரில் அந்த இடத்துக்கு வெள்ளை பூசுவோமே, அதே மாதிரி ஒரு மறைப்பு மேல் அடுக்கில் விழும்.

அந்த மேல் தாள் எங்கே இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம். வழக்கமான லைவ் முறையில் அது ரேமில் இருக்கிறது. கணினியை அணைத்தால் தாள் போய்விடும். அடுத்த முறை அட்லஸ் புதிதாக, ஒரு கோடும் இல்லாமல் இருக்கும். தாளைப் பென் டிரைவிலேயே ஒரு தனிப் பகுதியில் வைத்துக்கொண்டால், நேற்று எழுதியது இன்றும் இருக்கும். இதற்குப் பெர்சிஸ்டன்ஸ் என்று பெயர். மூன்றாவதாக ஒரு முறையும் உண்டு. அட்லஸும் வேண்டாம், தாளும் வேண்டாம் என்று, ஹார்ட் டிஸ்கில் செய்வதைப் போலவே பென் டிரைவில் லினக்ஸை முழுதாக நிறுவிவிடுவது.

முழுதாக நிறுவுவதுதான் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இன்று என் கருத்து வேறு. சாதாரணப் பென் டிரைவுக்கு முழு நிறுவல் ஒத்துவராது.

காரணம் பென் டிரைவின் உள்ளே இருக்கிறது. அதில் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதலாம், ஆனால் அழிக்க வேண்டுமென்றால் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். நாலு கிலோபைட் மாற்றத்துக்காகப் பெரிய தொகுதி ஒன்றை வேறு இடத்துக்கு நகலெடுத்து, பழையதைத் துடைக்க வேண்டியிருக்கும். எஸ்எஸ்டி-யிலும் இதே கதைதான். அங்கே அதைச் சமாளிக்க நல்ல கன்ட்ரோலர் இருக்கிறது, வேலையை எல்லா இடத்துக்கும் பரப்பித் தேய்மானத்தைச் சமமாக்கும். மலிவான பென் டிரைவின் கன்ட்ரோலர் ஒரு சினிமாவையோ போட்டோக்களையோ வரிசையாக எழுதுவதற்காகச் செய்யப்பட்டது. பெட்டியில் போட்டிருக்கும் வேகமும் அந்த வரிசையான படிப்புக்கானது. லினக்ஸோ நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும்: லாக் கோப்புகள், பிரவுசரின் கேஷ், அப்டேட் பட்டியல்கள். டெஸ்க்டாப் அரை நிமிடம் உறைந்து நிற்கும், அப்புறம் ஓடும், மறுபடி உறையும். சில மாதத்தில் பென் டிரைவ் முன்னறிவிப்பு இல்லாமல் படிக்க மட்டுமே முடிகிற நிலைக்குப் போய்விடும், அல்லது மொத்தமாகச் செத்துவிடும்.

லைவ் முறையில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வருவதில்லை. அடிக் கோப்பு சுருக்கப்பட்டிருப்பதால் யு.எஸ்.பி வழியாக வர வேண்டிய பைட்டுகள் குறைவு. பிரிக்கும் வேலையைச் செய்யும் பிராசஸரோ பென் டிரைவை விடப் பல மடங்கு வேகமானது. யு.எஸ்.பி 2.0-வின் ஏட்டு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் கிடைப்பது 30 மெகாபைட் சுமார். அந்த ஒடுங்கிய வழியில் சுருக்கி அனுப்புவது பெரிய லாபம். ரேம் தாராளமாக இருந்தால், பூட் ஆகும்போதே மொத்தக் கோப்பையும் ரேமில் ஏற்றிவிடும் வசதியும் பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸின் பல்வேறு தொகுப்புகளில்) உண்டு. ஏறி முடித்ததும் பென் டிரைவைப் பிடுங்கிக்கொள்ளலாம், சிஸ்டம் பாட்டுக்கு ஓடும். பப்பி லினக்ஸ் போன்ற சிறியவை இதையே தங்கள் வழக்கமாக வைத்திருக்கின்றன.

தினமும் எட்டு மணி நேரம் உங்கள் சொந்த லினக்ஸ் வேண்டும், ஆனால் அது வேறு வேறு கணினிகளில் ஓட வேண்டும் என்றால், யு.எஸ்.பி 3 வழியாக இணையும் சின்ன எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் முழுதாக நிறுவிக்கொள்ளுங்கள். அங்கே முழு நிறுவல் பொருத்தமானது. ஆனால் நிறுவும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சில இன்ஸ்டாலர்கள், நீங்கள் வெளி டிஸ்கைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், சிஸ்டத்தைக் கிளப்பும் பூட்லோடரை மட்டும் உள் டிஸ்கின் பூட் பகுதியில் கொண்டுபோய் எழுதிவிடும். விளைவு இரண்டு பக்கமும் கஷ்டம். எஸ்எஸ்டி வேறு கணினியில் கிளம்பாது. எஸ்எஸ்டி செருகாதபோது இந்தக் கணினியும் விண்டோஸுக்குப் போகாமல் கருப்புத் திரையில் நிற்கும். நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் எனக்கு இது நடந்தது, இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து சரிசெய்தேன். அதன் பிறகு நிறுவும் முன் ஃபர்ம்வேர் அமைப்பிலேயே உள் டிஸ்கை முடக்கிவிடுகிறேன். அந்த வசதி இல்லாத கணினியில், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் விர்ச்சுவல் மெஷின் ஒன்றில் எஸ்எஸ்டி-யை மட்டும் இணைத்து அதற்குள் நிறுவலாம்.

ஒரே பென் டிரைவ் எப்படி டெல்லிலும் ஹெச்பி-யிலும் அசூஸிலும் ஓடுகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. விண்டோஸை நிறுவினால் அது அந்தக் கணினியின் பாகங்களைப் பார்த்து, அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள்களோடு தன்னை அந்த வீட்டுக்கு ஏற்ற மாதிரி அமைத்துக்கொள்கிறது. லினக்ஸ் கெர்னலோடு ஆயிரக்கணக்கான டிரைவர்கள் தனித்தனி மாட்யூல்களாகக் கூடவே வருகின்றன. ஒவ்வொரு பாகமும் தன்னை யார் செய்தார்கள், தான் எந்த மாடல் என்று ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்குப் பொருந்தும் மாட்யூல் மட்டும் ஏறும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் இந்தக் கணக்கெடுப்பு முதலில் இருந்து நடப்பதால், நேற்று எந்தக் கணினியில் இருந்தோம் என்பது இதற்குப் பொருட்டில்லை. மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் 8 என்டர்பிரைஸில் விண்டோஸ் டு கோ என்று இதே போன்ற ஒன்றைக் கொடுத்தது. 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு அதை நீக்கிவிட்டது.

எங்கேயும் ஓடும் என்று முழு உத்தரவாதம் தர முடியாது. பென் டிரைவில் இருப்பது இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கான லினக்ஸ் என்றால், ஆப்பிளின் எம்1-க்குப் பிந்திய மேக்குகளில் அது கிளம்பவே கிளம்பாது. வைஃபை சிப்புகளில் சிலவற்றுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். டெபியன் என்ற டிஸ்ட்ரோ நெடுங்காலம் அவற்றைத் தன் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓ-வில் (பென் டிரைவில் எழுதுவதற்கான சிஸ்டம் கோப்பில்) சேர்க்காமல் இருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் சேர்க்கிறது. அப்படியும் வைஃபை வரவில்லையா, கைபேசியைக் கேபிளில் இணைத்து யு.எஸ்.பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, நெட் வந்துவிடும். இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

இனி பெர்சிஸ்டன்ஸ். இங்கேதான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். மேல் தாளைப் பத்திரப்படுத்தும் வசதி கிடைத்ததும் அதை முழு ஹார்ட் டிஸ்க் போல நடத்த ஆரம்பிக்கிறோம். முதல் வேலையாக மொத்த சிஸ்டத்தையும் அப்டேட் செய்வோம். என்ன ஆகும்? பழைய பிரவுசர் அட்லஸில் அப்படியே இருக்கும். புதிய பிரவுசர் முழுசாகத் தாளில் ஏறும். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் இப்படி இரண்டு இரண்டாக இடம் பிடிக்கும். சுருக்கப்படாத நிலையில் வேறு. ஒதுக்கிய 4 ஜிபி சீக்கிரமே நிறைந்துவிடும், நிறைந்த பிறகு டெஸ்க்டாப் வராமலும் போகலாம். (பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்து, பெர்சிஸ்டன்ஸைக் கோப்பாக வைத்தால் 4 ஜிபி-க்கு மேல் போகவும் முடியாது, ஒரு கோப்புக்கு அந்த வடிவத்தின் வரம்பு அது.) இதில் கெர்னல் தனி விவகாரம். உபுண்டு போன்ற லைவ் சிஸ்டங்களில் பூட்லோடர் எடுக்கும் கெர்னல், சுருக்கிய கோப்புக்கு வெளியே தனியாக இருக்கிறது. நீங்கள் அப்டேட் செய்த புதிய கெர்னல் தாளில் சும்மா கிடக்க, ஓடுவது பழையதாகவே இருக்கும்.

ஆகவே என் வழக்கம் இது. பெர்சிஸ்டன்ஸில் வைத்துக்கொள்வது சின்ன விஷயங்கள் மட்டும்: வைஃபை கடவுச்சொற்கள், பிரவுசர் புக்மார்க்குகள், இரண்டு மூன்று கூடுதல் மென்பொருள்கள், தமிழ்99 விசைப்பலகை. கடைசியில் சொன்னதுதான் எனக்கு முதல் காரணம். யாருடைய கணினியில் உட்கார்ந்தாலும் தமிழ் தட்டச்சு இருக்காது, அல்லது எனக்குப் பழக்கமில்லாத வேறு முறையில் இருக்கும். தட்டச்சு முறைகளை மாற்றித் தரும் ஐபஸும் அதற்கான எம்17என் பேக்கேஜும் ஒருமுறை போட்டு, பெர்சிஸ்டன்ஸில் வைத்துவிட்டால், எந்த ஊர்க் கணினியிலும் அதே விரல் பழக்கத்தில் எழுதலாம். மொத்த சிஸ்டத்தையும் அப்டேட் செய்வதில்லை. புதிய பதிப்பு வந்ததும் ஐஎஸ்ஓ-வையே மாற்றி, சின்ன விஷயங்களைப் புதிதாக அமைத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேர வேலை.

டெய்ல்ஸ் என்ற லினக்ஸ் இதை இன்னும் கண்டிப்பாகச் செய்கிறது. 2009-இல் தொடங்கிய திட்டம். 2024-இல், இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் டோர் திட்டத்தோடு இணைந்தது. எட்வர்ட் ஸ்னோடன் 2013-இல் அமெரிக்க உளவு அமைப்பின் ஆவணங்களை வெளிக்கொண்டு வந்தபோது அவரும் பத்திரிகையாளர்களும் பயன்படுத்தியது இதைத்தான். அது உள் டிஸ்கில் எதையும் எழுதாது, அணைக்கும்போது ரேமையும் துடைக்கும். பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். நினைவில் வைக்கச் சொல்லி நீங்கள் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தவை மட்டும், கடவுச்சொல் போட்ட மறையாக்கப் பகுதியில் தங்கும். சாதாரண வேலைக்கு டெய்ல்ஸ் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் அந்த முறையை மற்ற டிஸ்ட்ரோக்களும் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். பெர்சிஸ்டன்ஸ் உள்ள எந்தப் பென் டிரைவுக்கும் மறையாக்கம் கட்டாயம் என்பேன். பஸ்ஸில் தவறவிட்டால், எடுத்தவர் கையில் உங்கள் பிரவுசரும் அதில் திறந்து கிடக்கும் கணக்குகளும் போய்ச் சேரும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கீபோர்டுக்கும் கணினிக்கும் நடுவே யாராவது தட்டுவதை எல்லாம் பதிவு செய்யும் கீலாக்கர் கருவி வைத்திருந்தால் எந்த லினக்ஸும் அதைத் தடுக்காது. நம்பிக்கையில்லாத கணினியில் வங்கி வேலை வேண்டாம்.

பென் டிரைவைத் தயார் செய்வதில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை. விண்டோஸில் ரூஃபஸ், எங்கேயும் பலேனா எட்சர், லினக்ஸில் டிடி கட்டளை. கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ஐஎஸ்ஓ-வின் ஷா256 எண்ணைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். 2020-இல் வந்த வென்டாய் எனக்குப் பிடித்தது. ஒருமுறை பென் டிரைவில் அதை நிறுவிவிட்டு, வேண்டிய ஐஎஸ்ஓ-க்களை வெறும் கோப்பாக நகலெடுத்துப் போட்டால் போதும், பூட் ஆகும்போது பட்டியல் போட்டுக் காட்டும். நம்பகமான கையொப்பம் இல்லாத சிஸ்டத்தைத் தடுக்கும் செக்யூர் பூட் இருக்கும் கணினியில் முதல் முறை அதன் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். அந்தப் பதிவு கணினியின் ஃபர்ம்வேருக்குள் தங்கிவிடும், எனவே அடுத்தவர் கணினியில் அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அலுவலகக் கணினி என்றால் இன்னும் கண்டிப்பாக அனுமதி வேண்டும். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகியவற்றை நேரடியாக எழுதினால் இந்தத் தொந்தரவு இல்லை; அவற்றின் முதல் பூட் கோப்பு மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்தோடு வருகிறது. சந்தையில் 64 ஜிபி என்று எழுதி, உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் நிறைய உண்டு. எஃப்3 என்ற கருவியால் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் நான் எந்தப் புதுப் பென் டிரைவையும் பயன்படுத்துகிறேன்.

சித்தப்பாவின் கணினி போல டேட்டாவை மீட்கப் போகிறவர்கள் இரண்டு தடைகளை எதிர்பார்க்கலாம். விண்டோஸை அணைக்கும்போது அது பெரும்பாலும் முழுதாக அணைவதில்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்காகப் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அந்த டிஸ்கைப் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். விண்டோஸ் கிளம்புகிற கணினி என்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். கிளம்பாத கணினியில் படிக்க மட்டும் திறந்து நகலெடுப்பதே பாதுகாப்பு. இரண்டாவது தடை பெரியது. இப்போது விற்கும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் மறையாக்கப்பட்டிருக்கிறது. 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் லினக்ஸாலும் அதைத் திறக்க முடியாது. சாவி பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.

அன்று மாலை சித்தப்பா கணினியில் விண்டோஸை மறுபடி போட்டு, கோப்புகளைத் திருப்பி ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் போன் வந்தது: "எல்லாம் சரியா இருக்குப்பா, ஆனா பில்லுல நேரம் தப்பா வருது." ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தை வைக்கும். நெட் இணைந்ததும் என் பென் டிரைவ் லினக்ஸ் தன் வழக்கப்படி அந்தக் கடிகாரத்தைத் திருத்திவிட்டது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று நம்பிக் காட்டியது. நேர அமைப்பில் போய் இணையத்தோடு ஒருமுறை ஒத்திசைக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் லைவ் லினக்ஸில் நுழைந்ததும் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் நெட்டை இணைக்கிறேன். என் பெர்சிஸ்டன்ஸ் பகுதியில் அந்த ஒரு வரியும் சேர்ந்திருக்கிறது.